பொன்னாடைகளை வெட்டித் தைத்தவளுக்கு

இன்று காலை கண்காட்சியிலிருந்து உன் பெட்டி திரும்பி வந்தது. மூடியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் நாம் ஒன்றாக இருந்த காலம் முழுக்க உன் துணிகளில் அடித்த அதே வாசம். பெட்டியைத் தனியாகத் தூக்க முடியவில்லை. "ஒழுங்கா சோறு சாப்புடு லா" என்று நீ திட்டியிருப்பாய். கொஞ்ச நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அப்பா கிள்ளானில் சங்கச் செயலாளராக இருந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். எந்த விழாவானாலும் மேடையில் அவருக்கு ஒரு பொன்னாடை. உங்கள் வீட்டு அலமாரி முழுக்க ஜரிகைதான். மடிப்புக் கலையாததாகப் பார்த்து எடுத்து அடுத்த விழாவில் வேறொருவருக்குப் போர்த்துவார். வாங்கியவர் அதை இன்னொருவருக்குப் போர்த்துவார். ஒரு நாள் பூச்சோங்கில் அவருக்குப் போர்த்திய பொன்னாடையை நீ பிரித்துப் பார்த்தால், முன்பு அவரே சிந்தி, மடிப்புக்குள் மறைத்துக் கொடுத்துவிட்ட தே தாரிக் தேநீர்க் கறை. "ஊரச் சுத்திட்டு வீட்டுக்கே வந்துருச்சுடி!" என்று தரையில் உருண்டு உருண்டு சிரித்தாய்.

கலைக் கல்லூரியில் கடைசி வருடக் கண்காட்சிக்கு அந்த அலமாரியைக் காலி செய்தாய். எல்லாவற்றையும் வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, உள்ளே பழைய போர்வைகளைத் திணித்து, போர்த்தினால் யாருக்கும் முட்டி மடங்கும்படி ஒரே ஒரு பொன்னாடை செய்தாய். வந்தவர்களுக்கெல்லாம் நீயே போர்த்தி, பட்டம் வாங்கிய பெரிய மனிதரைக் கூப்பிடுவதுபோல் "டத்தோ, ஒரு போட்டோ!" என்று கத்துவாய். காட்சிக்கூடமே சிரித்தது. உன் அப்பா மட்டும் வரவில்லை. "என் மரியாதைய வெட்டிப் போட்டுட்டா" என்று உன் அம்மாவிடம் சொன்னாராம்.

கடைசி நாள் கதவைச் சாத்தும்வரை நீ வாசலைவிட்டு நகரவில்லை. "மார்க் யாருக்குடி வேணும்? அவரு பாத்துச் சிரிச்சா போதும்" என்றாய். பிறகு நீ நோயில் விழுந்தபோது அவர் உன் கட்டிலருகிலேயே கிடந்தார். ஆனால் அந்தப் பொன்னாடைப் பேச்சை மட்டும், நீ கண்மூடும்வரை, நீங்கள் இருவருமே எடுக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லை.

இப்போது நம் கல்லூரியே சிரிக்க வைக்கும் துணிக்கலை என்று ஒரு கண்காட்சி வைத்தது. விளக்கேற்ற உன் அப்பாவை அழைத்திருந்தார்கள். வருவாரோ மாட்டாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். நான் கொடுத்தனுப்பிய உன் பொன்னாடையைச் சுவரில் தொங்கவிட்டு, முன்னால் கயிறு கட்டி, தொடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். எல்லாரும் இழவு வீட்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அறிவிப்பாளர் பழக்க தோஷத்தில், "அடுத்ததாக ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தி..." என்று சொல்லிவிட்டார். அப்படி ஒன்றை யாரும் வாங்கி வைத்திருக்கவில்லை. ஏற்பாட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்; நான் அவர்களைப் பார்த்தேன். உன் அப்பாவோ எழுந்து, போர்த்துவதற்கு வாகாகக் தலையைக்கூடத் தாழ்த்திவிட்டார். ஒன்றும் வரவில்லை என்றதும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதான் அங்க தொங்குதே. எடுத்துட்டு வாம்மா."

நானும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைத் தாண்டிப் போய் இறக்கினோம். தோளில் போட்டதும் முட்டி மடங்கி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஜரிகைக்கு மேலே தலை மட்டும்தான் தெரிந்தது.

"ஐயோ, என்னா கனம் லா! இவ்ளோவுமா நான் வாங்கிச் சேத்து வச்சிருந்தேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். உன்னைப் போலவே தோள் குலுங்கச் சிரித்தார். கூடம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. சிரிப்போடு கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை வெளியே வரவில்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

உன்னோடு இருந்ததில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாசி லெமாக் கடையிலோ எல்ஆர்டி ரயிலிலோ எங்கே வேடிக்கையாக எது நடந்தாலும், நானே சிரிப்பதற்கு முன் உன் முகத்தைப் பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பிவிடும். அன்றும் திரும்பியது. பக்கத்தில் யாரோ ஓர் அங்கிள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "உங்கப்பா சிரிக்கிறாருடி" என்று வாய்வரை வந்துவிட்டது.