நம் கொல்லையில் போட்ட மூன்றாவது துளை

வடக்கனந்தல்,
தென்னாற்காடு மாவட்டம்.
4-12-1987

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதுகிறேன். அத்தை, நம் பிள்ளை ரம்யா, நான், மாடுகள் இரண்டு, எல்லோரும் நன்றாக இருக்கிறோம். திருச்சியில் உங்களுக்குச் சளி விட்டதா, அங்கே போடுகிற சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அத்தை தினமும் என்னைக் கேட்கிறார். நான் என்னவோ காலையில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் போல. இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கும் ஜெயில் ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் விவகாரம் ஒன்றும் இல்லை ஐயா, முழுக்க நல்ல செய்தி. சீக்கிரம் படித்துவிட்டு அவர் கையில் கொடுங்கள்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பீர்கள். நம் கொல்லையில் தங்கம் இல்லை. சர்க்காரே துளை போட்டுப் பார்த்து, சோதனை செய்து, இல்லை என்று எழுதிவிட்டது. சுரங்கம் வராது. ஒன்றரை ஏக்கரும் கிணறும் நம்முடையவைதான். எனக்கு எழுதும்போதே சிரிப்பு வருகிறது. தன் நிலத்தில் தங்கம் இல்லை என்று கேட்டு இப்படிக் குதித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செப்டம்பரில் நீங்கள் போலீஸ் வண்டியில் ஏறும்போது என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "செவ்வந்தி, கொல்லைய வுட்டுடாத." அவ்வளவுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. மீதிப் பாதி இரண்டரை மாதத்தில் தேய்ந்துவிட்டது.

அதற்கு முந்தின வாரம், துளை போட வேண்டிய இடம் என்று தங்கம் தேட வந்த சர்க்கார் முகாம்காரர்கள் நம் கொல்லை நடுவில் அடித்து வைத்த சிவப்புக் குச்சியை யாரோ ஒரு புண்ணியவான் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கரட்டுப் புறம்போக்கில் நட்டுவிட்டார். அவர் யார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நம் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் வாரத்தில், துளை போடும் மெஷினை ஏற்றிய லாரி, கச்சிராயபாளையம் சாலையில் எப்படியோ விழுந்து கிடந்த புளியமரத்துக்குப் பின்னால் ஏழு நாள் நின்றது. அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் நான் எழுதவில்லை.

மறியல் முடிந்து லாரி வந்து சேர்ந்ததும், முகாமின் ஜியாலஜிஸ்ட் சிவசங்கர் சார் வந்து குச்சியைப் பார்த்தார், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார். கரட்டு உச்சியில் இருக்கும் சர்வே கல்லிலிருந்து டேப் பிடித்து, திசைகாட்டி வைத்து, அரை மணி நேரத்தில் பழைய இடத்திலேயே புதுக் குச்சி அடித்தார். துளை இருப்பது காகிதத்தில், குச்சி சும்மா கண்ணுக்குத்தான் என்றார். அந்தப் புண்ணியவானை எப்போதாவது பார்த்தால் இதைச் சொல்லிவிடுங்கள்.

நான் அந்த முகாமுக்கு வேலைக்குப் போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன், இருந்தாலும் போனேன். எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்கள், பத்தாவது வரை படித்தவள் நான் சும்மாதானே இருந்தேன். நம் நிலத்துக்கு வினை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். பூமிக்குள்ளிருந்து தண்டு தண்டாகக் கல் எடுப்பார்கள். அதைக் கழுவி, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, எத்தனை மீட்டரில் வந்தது என்று பெயிண்டால் எழுதுவது என் வேலை.

நாம் இருவரும் எங்கே ஏமாந்தோம் தெரியுமா? தங்கம் இருக்கும் என்று அவர்கள் தேடுகிற வெள்ளைக்கல் கரட்டில்தானே இருக்கிறது, நம் கொல்லையில் அந்தக் கல் ஒன்றுகூட இல்லையே, நமக்கு என்ன என்று இருந்தோம். அது மேலே தெரிகிற இடத்தோடு முடிவதில்லையாம். சுவரில் சாய்த்து வைத்த பலகை மாதிரி பூமிக்குள் கிழக்கே சாய்ந்து இறங்கி, நம் கொல்லைக்கு அடியில் வருகிறதாம். கரட்டில் குறுக்கே பள்ளம் வெட்டி, அடிக்கு அடி கல் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, எத்தனை டிகிரி சாய்வு என்று அளந்து, கட்டம் போட்ட தாளில் சார் வரைந்து வைத்திருக்கிறார். கல் தெரிகிற இடத்திலேயே துளை போட மாட்டார்கள். அது சாய்கிற பக்கம் தள்ளி நின்று, அதற்கு எதிர்முகமாகச் சாய்த்து இறக்கினால்தான் அந்தப் பலகையைக் குறுக்கே வெட்ட முடியும். தள்ளி நிற்க அவர்களுக்கு வாய்த்த இடம் நம் கொல்லை.

மொத்தம் மூன்று துளை. முதல் இரண்டும் கரட்டின் வடக்குப் பக்கம். முதல் துளையில் அறுபது மீட்டரில் வெள்ளைக்கல் வரும் என்று தாளில் இருந்தது, அறுபத்து மூன்றில் வந்தது. சார் உடனே ரப்பரை எடுத்து அழித்துத் திரும்ப வரைந்தார். அதைப் பார்த்துத்தான் மற்ற இரண்டுக்கும் ஆழமும் சாய்வும் மாறின. ஒரு துளை சொல்வதைக் கேட்டுத்தான் அடுத்த துளை.

இன்னொன்றைக் கேளுங்கள். துளை சொன்ன வழியில்தான் போகிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஆசிட் ஊற்றி அடியில் இறக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள். ஆசிட் தன் மட்டத்தில் கண்ணாடியை அரித்துக் கோடு போடுகிறது. குழாய் எவ்வளவு சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் மட்டம் சாயாது இல்லையா? வெளியே எடுத்துக் கோட்டை அளந்தால் துளையின் சாய்வு தெரிந்துவிடும். நீங்கள் இங்கே இருந்திருந்தால் இந்த ஒன்றுக்காகவே அவர்களோடு சமாதானமாகி, டீ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

மூன்றாவது துளை நம் கொல்லையில் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்தது. மெஷின் ஓட்டுகிறவர் எலவனாசூர்கோட்டை மைக்கேல்ராஜ் அண்ணன். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வெள்ளைக்கல் தட்டிய அன்றைக்கு சார் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். அறுபத்தாறு மீட்டரில் துளையிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் வெளுக்க ஆரம்பித்தது. அண்ணன் தண்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். கழுவினேன். வெள்ளைக்கல்லில் கட்டைவிரல் அளவு ஒரு துண்டு முழுக்க மஞ்சளாக மினுமினுத்தது.

மாமா, அந்தத் துண்டை மடியில் கட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டால் யாருக்குத் தெரியும்? கொல்லையை விடாதே என்று சொன்னவர், எப்படி விடாமல் இருப்பது என்று சொல்லிவிட்டுப் போகவில்லையே என்று உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று பார்த்து, பெட்டியில் அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன். எங்கள் சாதியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து எங்கள் பங்கைக் கொடு என்று மறியலில் கேட்டு உள்ளே போனவர் நீங்கள். எண்ணிப் பார்க்க வைத்திருக்கும் கல்லை உங்கள் பெண்டாட்டி ஒளித்து வைத்தால் நன்றாகவா இருக்கும்? பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நானே கொல்லையைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சோதனை முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் சாப்பிட்டது எனக்கு ஒட்டவில்லை. போன சனிக்கிழமை தபால் வந்தது. சார் பிரித்துப் படித்தார், முகம் தொங்கிப் போயிற்று. அந்த மஞ்சள் வெறும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லாம். நிஜத் தங்கம் கண்ணுக்கே தெரியாதாம். வடக்கே இரண்டு முழம் கனமாக இருந்த வெள்ளைக்கல், நம் பக்கம் வரும்போது மூன்று விரல் கனத்துக்கு மெலிந்து, தங்கமும் இல்லாமல் செத்துப்போகிறது. சார் பென்சிலை எடுத்து நம் கொல்லை மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். இனி துளை எல்லாம் வடக்கே, காட்டு இலாகா மலைப் பக்கம்தான். எனக்கோ துள்ள வேண்டும் போல இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போனவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அப்படிங்களா சார் என்றேன்.

வெளியே வந்ததும் மைக்கேல்ராஜ் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அன்னிக்கு நீ கல்ல கையில வச்சிக்கினு நின்னத பாத்துக்கினுதான் இருந்தேன் தங்கச்சி. அந்த எடத்துல ஒரு துண்டு கொறஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமா? வெள்ளக்கல்லு முழுசா வரலன்னு சொல்லி, பத்தடி தள்ளி உங்க கொல்லையிலயே இன்னொரு துளை போட்டிருப்போம்" என்றார். ஒளித்திருந்தால் அவர்கள் இன்னும் நம் கொல்லையில்தான் நின்றிருப்பார்கள். குச்சியைப் பிடுங்கியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் பாயசம் வைத்தேன். "பாயசம் இன்னாத்துக்குடி" என்று அத்தை கேட்டார். சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். முகாமுக்கும் ஒரு தூக்கு எடுத்துப் போய், ரம்யாவுக்குப் பிறந்தநாள் என்று சொன்னேன். சித்திரையில் பிறந்த பிள்ளைக்குக் கார்த்திகையில் பிறந்தநாள் வந்தது இந்த வருஷம்தான். பாவம் சார், அந்த வருத்தத்திலும் இரண்டு டம்ளர் குடித்தார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டம்ளரை நீட்டினார். செவ்வாய்க்கிழமை துளையைச் சிமெண்டால் மூடிவிட்டு, உடைந்த வரப்பையும் கட்டிக் கொடுத்துவிட்டு லாரியில் கிளம்பினார்கள்.

மழை இந்த வருஷம் நன்றாகப் பெய்திருக்கிறது. கிணற்றில் ஏழு படி தண்ணீர் ஏறியிருக்கிறது. கொல்லையை இரண்டு தடவை உழுது போட்டிருக்கிறேன். மார்கழி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள், பிறந்ததும் மல்லாட்டை போட வேண்டும் (ஜெயில் ஐயாவுக்கு வேர்க்கடலை என்றால்தான் புரியும்). அடுத்த வாரம் ஜாமீன் கிடைத்துவிடும் என்று வக்கீல் சொல்கிறார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

நேற்று நானும் அத்தையும் உட்கார்ந்து விதை மல்லாட்டை முழுவதையும் உரித்துவிட்டோம். அவன் வருவதற்குள் என்ன அவசரம், உரித்த பருப்பு பதினைந்து நாளுக்கு மேல் முளைப்புத் தாங்காதே என்று உரித்துக்கொண்டே அத்தை திட்டினார். அது எனக்கும் தெரியும் மாமா. தெரிந்துதான் உரித்தேன். வந்துவிடுங்கள்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
செவ்வந்தி