முத்திரைக்கு மூன்று கதை

10.3.2006
முதலாளி ஜெயசீலன் புது செவ்ரோலே கார் வாங்கியிருக்கிறார். உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர்கள்கூட முகப்பிலிருந்த தங்கநிறச் சின்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். உப்புப் பாத்தியில் வேலை செய்யும் நாங்கள் குடிதண்ணீர்த் தொட்டி கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

12.3.2006
ஞாயிறு பேப்பரில் அந்தச் சின்னத்தைப் பற்றி ஒரு துணுக்கு. பிரெஞ்சு நாட்டு ஓட்டலில், சுவரில் ஒட்டியிருந்த தாளில் பார்த்தது என்று கம்பெனியை ஆரம்பித்தவர் சொன்னாராம். பேப்பர் விளம்பரத்தில் பார்த்தார் என்றாராம் மனைவி. சாப்பாட்டு மேசையில் கிறுக்கியது என்றாராம் மகள். ஒரே வீட்டில் மூன்று கதை.

20.3.2006
முதலாளி கூப்பிட்டார். உப்பைப் பாக்கெட் போட்டு விற்கப் போகிறார். மேலே அவர்கள் குடும்ப முத்திரை — கட்டத்துக்குள் பெருக்கல் குறி. அது வந்த கதையைப் பின்பக்கத்துக்கு நான் எழுத வேண்டும்.

"ஏம்பா அறிவு, நீ டிகிரி படிச்சவன். எங்க தாத்தா கனவுல கண்டார்னு எழுது. பிரம்மதேசம் கோயில் தூண்ல இருந்துச்சுன்னும் எழுது. காருக்கே மூணு கதை இருக்குது. நமக்கு ரெண்டு வேணாமா?"

பிடித்திருந்தால் ஆபீஸ் வேலையாம்.

அந்த முத்திரை எதற்கென்று இங்கே யாருக்குத் தெரியாது? பொழுது சாயும்போது உப்புக் குவியல்மேல் மரக்கட்டையால் குத்தி வைப்பார்கள். காலையில் கலைந்திருந்தால் யாரோ அள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்களைத் திருடர்கள் என்று நினைத்துச் செய்த குறி. வேறென்ன?

எனக்குப் பத்து வயதில் ஒரு நாள் கலைந்திருந்தது. கலைத்தது விடியற்காலைத் தூறல். காவலுக்கு இருந்த அப்பாவை, எல்லோரும் பார்க்க, மத்தியானம் வரை வரப்பில் கைகட்டி நிற்க வைத்தார்கள். அதன் பிறகு அவர் உப்பளத்தில் கால் வைக்கவில்லை. பிரம்மதேசத்தில் வயல் வேலை.

21.3.2006
அப்பாவிடம் சொன்னேன். மிளகாயைக் கடித்துக்கொண்டே, "எழுதிக் குடுத்துட்டு வேலைய வாங்கிக்கடா. கனவுன்னா கனவு. நமக்கு இன்னா போவுது?" என்றார்.

இன்னா போவுதா?

25.3.2006
மூன்று கதை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது, நடந்தது. தூறல் உட்பட. அப்பா பெயர் மட்டும் போடவில்லை. முதலாளி முழுக்கப் படித்தார். "நல்லா எழுதுற" என்றார். அவ்வளவுதான்.

3.4.2006
ஆபீஸ் வேலை. தலைக்கு மேல் மின்விசிறி.

19.5.2006
பாக்கெட் அச்சாகி வந்தது. கனவு, தூண். இரண்டே கதை. கேட்டதற்கு முதலாளி "எடம் பத்தலப்பா" என்றார். கீழே பாதி வெள்ளையாகக் கிடக்கிறது.

ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"நீ எழுதினது எல்லாம் வந்துருக்குதா?"

"ரெண்டுதான். மூணாவது வரல."

"மூணாவது இன்னா?"

"மழை பெஞ்ச கதை."

பாக்கெட்டை அடுப்பு மேடையில் வைத்தார். முத்திரை சுவர்ப் பக்கமாக.

20.5.2006
கீழ்புத்துப்பட்டு லாரி ஷெட்டில் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். ஆபீஸ் போகும் வழியில் சைக்கிளைத் திருப்பவில்லை என்பதை அப்பா பார்த்தார். தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி ஹேண்டில்பாரில் மாட்டினார். "வெயிலுக்கு முன்னாடி போய்ச் சேரு" என்றார்.