மெதுவாகக் கத்துகிறவளுக்கு

இன்று காலை தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற மினி பஸ்ஸில் உன் குரலைக் கேட்டேன்! சீசன் கூட்டம், நிற்க இடமில்லை. இலஞ்சி நிறுத்தத்தில் ஒரு குழந்தை கூட்டத்தோடு கீழே இறங்கிவிட, பஸ் நகர்ந்தது. "ஏனுங்ண்ணா, கொழந்த எறங்கிருச்சுங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அம்மாக்காரி. உன் அதே கோபிப் பக்கத்துப் பேச்சு. ஒருவரும் திரும்பவில்லை.

"ஏலே, வண்டிய நிறுத்துலே! பிள்ள கீழ நிக்கி!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். குழந்தை கிடைத்தது. அவளோ என்னைப் பார்த்துத்தான் மிரண்டுபோனாள். நீயும் முதலில் இப்படித்தானே மிரண்டாய்?

உன் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தீர்கள். பால் பாத்திரத்தோடு நீ வாசலில் தெரிந்தாலே, "ஏட்டி மூதி, இன்னைக்கு என்னட்டி கறி வச்ச?" என்பேன். எனக்கு அது கொஞ்சல். நீயோ, "ஒண்ணுமில்லீங்க்கா, சும்மா ரசந்தானுங்க" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். ரொம்பத்தான் மேட்டிமை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் இப்படியே போயிற்று.

அந்த ஆடியில்தான் உன்னை வம்பாக ஐந்தருவிக்கு இழுத்துப் போனேன். குளித்து முடித்து, கீழே ஓடைப் பாறையில் உட்கார்ந்து ஈரத்துணியை அலசிக்கொண்டிருந்தேன். நீ கரையில் நின்றாய்.

"அக்கா, தண்ணி கலங்கலா வருதுங்க. மேல வந்துருங்க்கா."

"வாரேன், வாரேன்" என்றேன். சோறு ஆறிவிடும் என்று சொல்வது போல் இருந்தது உன் தொனி. எங்கள் தெருவில் பால் பொங்கி வழிந்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆபத்தென்றால் இவள் கத்தமாட்டாளா?

"அக்கா, வந்துருங்க்கா." அதே குரல். நான் சோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து என் கொண்டையில் ஒரு பிடி விழுந்தது. நீதான்! சேலையோடு இறங்கி வந்து, அந்த ஒல்லிக் கையால் தரதரவென்று என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டாய். நான் திட்ட வாயெடுப்பதற்குள் செந்தண்ணீர் மரக்கிளைகளோடு பாய்ந்து வந்து பாறையை மூடிவிட்டது. என் துணி, வாளி எல்லாம் போயே போய்விட்டன.

உன் மேல்தான் பாய்ந்தேன். "கூறுகெட்டவளே, கத்தித் தொலைச்சா என்னட்டி?"

நீ அழுதுகொண்டே சொன்னாய்: "கத்தித்தானுங்க்கா சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா, இன்றைக்கும் தெரியவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் மற்றதையும் கொட்டினாய். நித்தமும் நான் உன்னை வைவதாக நினைத்து, தென்காசியில் வேறு வீடு பார்த்துக்கொண்டிருந்தீர்களாம்! அடிப் பாவி, உன்னை நான் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

வீடு மாற்றவில்லை நீ. நாலு வருஷம் எதிரெதிரே இருந்தோம். நான் ஏட்டி என்றால் நீ சிரிக்கத் தொடங்கினாய். ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் போனில் பேசாத வாரமில்லை.

ஒரு நாள் மதியம் அப்படித்தான் கூப்பிட்டாய். "இந்தப் பக்கம் வந்தீங்கன்னா ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க்கா. அவசரமொண்ணுமில்லீங்க." பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "அவசரமில்லன்னுதான சொல்லுதா, பொங்கலுக்குப் போவோம்" என்றார். நான் அடுப்பை அணைத்தேன். பாதி வெந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை உன் வீட்டில் விசாரித்துக்கொண்டு கோபி ஆஸ்பத்திரிக்கு வந்த என்னைக் கண்டதும் உன் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சி! "கேட்டுருச்சுங்களாக்கா?" என்றாய்.

"நல்லாக் கேட்டுச்சுட்டி" என்றேன். இரண்டு நாள் வாய் ஓயாமல் பேசினோம். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

என் தொண்டை மாறவில்லை, இனி மாறவும் போவதில்லை. ஆனால் யாராவது மெதுவாகப் பேசினால் இப்போதெல்லாம் எனக்குத் திக்கென்கிறது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்.