கம்ப்ரசர் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன், அண்ணா

என் பிரியமான அண்ணாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் விட்டவள் நான். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்கள் நம்பரை இன்னும் போனிலிருந்து எடுக்கவில்லை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்கு ஆள் அனுப்பாத தெரு உண்டா? போர் போடப் போனால் மாதக்கணக்கில் வடக்கேதான். ரிக்கின் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, போனில் எப்படிப் பேசுவது? அதனால் போன் எடுக்கவில்லை என்று இங்கே எந்த வீட்டிலும் பதறுவதில்லை. "வேலையில இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது, உங்களுக்குப் பதினேழு. நீங்கள் ரிக்கில் ஏறினீர்கள். நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைதான் நடத்துகிறேன் என்று நீங்கள் என்னைக் கேலி செய்யாத நாளில்லை.

போன வருஷம் சத்தீஸ்கரிலிருந்து ஒரு மெசேஜ் போட்டீர்கள். "அம்மிணி, நாங்க போடறதும் போர், சினிமா அடிக்கறதும் போர். எழுத்து ஒண்ணாவே இருக்குதே, ரெண்டும் ஒண்ணா?" கடையில் கூட்டமில்லாத மத்தியானம். அகராதியைப் புரட்டினேன். துளைக்கிற போர் பழைய இங்கிலீஷ் சொல். சலிப்பூட்டுகிற போர் எங்கிருந்து வந்தது என்று அகராதியே கையை விரித்துவிட்டது. ஆற்றில் எதிரேறி வருகிற கடலலைக்கும் அதே எழுத்துதான், அது வட ஐரோப்பியக் கடலோடிகளின் சொல்லாக இருக்கலாமாம். எழுதி அனுப்பினேன். "இத்தனை வருசம் போர் போட்டு இது தெரியாமப் போச்சே" என்று பதில் போட்டீர்கள்.

அன்றிலிருந்து அதுவே நம் விளையாட்டாகிவிட்டது. ஒரே எழுத்தில் இரண்டு பொருள் இருக்கிற சொல்லை நீங்கள் அனுப்ப வேண்டும், வேரை நான் தோண்டித் தர வேண்டும். பேங்க் என்றீர்கள். ஆற்றங்கரை வேறு வழியில் வந்தது, பணம் போடுகிற பேங்க் இத்தாலிக்காரன் உட்கார்ந்து பணம் மாற்றிய பெஞ்சிலிருந்து வந்தது என்றேன். பார்க் என்றால் மரப்பட்டை, நாய் குரைப்பதும் அதே எழுத்து. டியர் என்கிற கண்ணீருக்கும் டேர் என்கிற கிழிசலுக்கும் ஒரே எழுத்து, உச்சரிப்புதான் வேறு. வேரும் வேறு. ஒரு சொல்லிலாவது என்னை மடக்கிவிட வேண்டும் என்று உங்களுக்கு வெறி. மடங்கக் கூடாது என்று எனக்கு.

தைக்குப் பிறகு நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். நான் கூப்பிட்டால் கட் ஆகும். "சத்தம் அம்மிணி, மெசேஜ் போடு" என்று வரும். வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். உங்கள் மகள் பாப்பாவின் பிளஸ் டூ பரீட்சைக் கவலையில் அண்ணியும் அப்படித்தான் விட்டார். ஆனால் சொற்கள் மட்டும் முன்னைவிட அதிகமாக வந்தன, ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. இராப்பகலாக ரிக்கில் நிற்கிற மனுஷனுக்கு இவ்வளவு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

ஒரு நாள் பியூப்பில் என்று அனுப்பினீர்கள். மாணவனும் அதுதான், கண்ணின் கருமணியும் அதுதான். தேடியபோது எனக்கே ஆச்சரியம். எழுத்து மட்டுமல்ல, இரண்டும் ஒரே குடும்பம். லத்தீனில் சின்னப் பிள்ளை, பொம்மை என்கிற சொல்லிலிருந்து பிறந்தவை. எதிராளியின் கண்ணுக்குள் நம் உருவம் குட்டிப் பொம்மையாகத் தெரிகிறதல்லவா, அதனால் கண்ணுக்கு அந்தப் பெயர். நாமும் கண்பாப்பா என்றுதானே சொல்கிறோம். மாணவன் என்கிற பியூப்பில் முதலில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைக் குறித்ததாம், அப்புறம்தான் படிக்கிற பிள்ளையானது.

"அப்ப நீயும் நானும் பியூப்பில்தான் சாமி" என்று எழுதினீர்கள். கடையில் ஆள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் நான் அழுதேன், அண்ணா. சந்தோஷத்தில் அழுதேன்.

அதற்கு நாலாம் நாள் உங்களைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். உங்களோடு ரிக்கில் இருந்த முருகேசு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "ஆறு வாரமா ஆஸ்பத்திரியிலதானுங்க்கா இருந்தாரு. கல்லுத்தூசி நுரையீரல்ல படிஞ்சுருச்சுன்னாங்க. நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேச முடியல. பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், ஊட்டுக்குச் சொல்லிராதீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு."

கம்ப்ரசர் ஓடவே இல்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்துக்கொண்டு எனக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தீர்கள். நான் அதற்கு வேர் தேடிக்கொண்டிருந்தேன். அத்தனை சொல்லின் பூர்வீகத்தையும் துருவிய எனக்கு, என் அண்ணன் எங்கிருந்து அனுப்புகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. உங்கள் மேலும் கோபம்தான். ஒரு தடவை போனை எடுத்து மூச்சு வாங்கியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்குமே? அந்த மூச்சைக் கேட்கவிடாமல் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பாப்பா பாஸாகிவிட்டாள். சேலத்தில் நர்சிங் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள். அதனால் அண்ணி மல்லசமுத்திரத்து வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார்.

போன வாரம் அண்ணியைக் கூப்பிட்டேன். கட் ஆனது. "மிக்ஸி ஓடுது. நல்லாயிருக்கேன். அப்பறம் பேசறேன்" என்று மெசேஜ் வந்தது. அடுத்த நிமிஷம் கடை ஷட்டரை இழுத்துவிட்டு பஸ் ஏறினேன். மல்லசமுத்திரத்தில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை என்று பக்கத்து சீட்டு அம்மா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அண்ணி வெறும் தரையில் படுத்திருந்தார். அடுப்பு பற்ற வைத்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து முடியை அள்ளி முடிந்துகொண்டார்.

"நல்லாயிருக்கேன்னுதான் மெசேஜ் போட்டனே. எதுக்கு சாமி இந்த வெயில்ல வந்தே?"

"அண்ணனும் அப்படித்தாங்க போட்டாரு, அண்ணி."

உங்களை எடுத்த அன்றைக்குக்கூட அழாதவர், என் மடியில் விழுந்து சாயங்காலம் வரை அழுதார். அப்புறம் ரசம் வைத்துப் பிசைந்து ஊட்டினேன். சாப்பிட்டார்.

இனி தினமும் அண்ணியின் குரலைக் கேட்பேன். பாப்பாவின் குரலைக் கேட்பேன். எடுக்காவிட்டால் போய் நிற்பேன். இது உங்களுக்குச் செய்திருக்க வேண்டியது, அண்ணா. உங்கள் வீட்டுக்காவது செய்கிறேன்.

உங்கள் மூச்சைக் கேட்கத் தவறிய தங்கை,
கோமதி