ஏழு சிவப்புக் குறிகள்

சதுரங்கப் பெட்டியைத் திறந்தால் இன்னமும் ரப்பர் புகைக்கூடத்து வாடை வருகிறது. தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்த காலமெல்லாம் மதிய வேளையில் ஆட அதைக் கொண்டு போனீர்கள். நீங்கள் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. நேற்று அந்தப் பெட்டியை நம் மகனை எதிர்த்துத் திறந்தேன்.

கொழும்பிலிருந்து வந்தவன் போனில் சதுரங்க ஆட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் தோற்றேன். பிறகு அந்தப் போனே என் ஆட்டத்தைத் திருத்தியது. கான்வென்ட் கன்னியாஸ்திரிகள்கூட என் பள்ளிக் கொப்பியில் அப்படிச் சிவப்புக் குறி போட்டதில்லை.

"ஏழு பிழைம்மா. முன்ன மாதிரி இல்ல நீங்க. வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்திருங்க."

அதற்குத்தான் ஆட வைத்திருக்கிறான். உங்களிடம் மறைக்க மாட்டேன், போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன். பாத்திரம் கருகிவிட்டது. அடுத்த வீட்டுக் கமலா அதை அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் ஒரு போனைச் சாட்சிக்கு அழைப்பதா?

"உலக சாம்பியன் இதோட ஆடினா?" என்று கேட்டேன்.

"அவரும் தோப்பாரும்மா. கிராண்ட்மாஸ்டருங்க யாரும் இப்ப இத ஜெயிக்க முடியாது. அவங்க ஆட்டத்துலயும் பிழை காட்டும்."

"அப்ப அவங்கள எந்த மகன் வந்து கூட்டிட்டுப் போனான்?"

கூட வந்திருந்த மருமகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "அது வேறம்மா" என்றான்.

நம் ஆட்டங்களை எழுதிவைத்த கொப்பிகள் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அவன் பிறந்த மாதத்து ஆட்டம் ஒன்றை எடுத்துப் போனில் போடச் சொன்னேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒன்பது சிவப்பு வந்தது. உங்களுக்கு ஐந்து, எனக்கு நான்கு.

"அப்ப நீ தொட்டில்ல கிடக்கும்போதே எங்க ரெண்டு பேருக்கும் புத்தி போயிருச்சு. அப்பவே வந்து கூட்டிட்டுப் போயிருக்கலாமே."

அவன் போனில் அந்தச் சிவப்புக் குறிகளை ஒவ்வொன்றாகக் காட்டினான்.

உங்கள் ஐந்தில் ஒன்று, நீங்கள் ராணியைப் பலி கொடுத்த அந்த நகர்வு. வெளியே மழை கொட்டியது. காயை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, "இப்ப என்ன செய்வீங்க, கான்வென்ட் அம்மா?" என்றீர்கள். சிப்பாயால் வெட்டியிருந்தால் நான் ஜெயித்திருப்பேனாம். கோட்டையால் வெட்டினேன். அன்று ஜெயித்தது நீங்கள். அந்தப் போன் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்று காலை புறப்படும்போது வாசல் கேட்டடியில் மகன், "அடுத்த மாசம் வந்து திரும்பக் கேப்பேன்மா" என்றான்.

"கேளு. போனையும் மறக்காமக் கொண்டு வா. அதோட இன்னொரு ஆட்டம் பாக்கணும்."

"தோப்பீங்கம்மா."

"தெரியும்டா. போய்ட்டு வா."

பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் என்னிடம் தோற்றீர்கள். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்து காய்களை அடுக்கியதும் நீங்கள்தான். தோற்றாலும் மறுபடி காய் அடுக்கும் அந்தக் குணம் இப்போது என்னிடம் இருக்கிறது.