ஃபியட்டுக்குக் கடற்காற்று ஆகாது

மார்ச் 7, 1993, ஞாயிறு

கார் வந்துவிட்டது. பாலாடை நிறத்தில் பழைய ஃபியட். தி.நகரில் ஒரு டாக்டர் பல வருஷம் தினமும் ஓட்டிய வண்டி. வெளியே எங்கே தேடினாலும் ஒரு துருப்புள்ளி கிடையாது. சாவி கைக்கு வந்ததிலிருந்து இவர் மெதுவாகப் பேசுகிறார், குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல.

போன தீபாவளிக்கு அப்புறம்தான் மயிலாப்பூரை விட்டுச் சாந்தோமுக்குக் குடிவந்தோம். நான் கெமிஸ்ட்ரி எடுக்கும் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. ராத்திரி கடல் சத்தம் கேட்கும். கார் ஒன்றுதான் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் மாடி வீட்டு ராஜரத்தினம் இறங்கி வந்தார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு எங்கள் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். சிவப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கடலோரத்துல இரும்பு நிக்காது ஸ்ரீரங்கன் சார். கப்பலையே நாங்க பெயின்ட் அடிச்சு அடிச்சுத்தான் மிதக்க விட்டோம்" என்றார்.

அவர் போனபிறகு இவர் காபிகூட வேண்டாம் என்றுவிட்டார்.

மார்ச் 10, புதன்

துரு பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று இவர் விசாரிக்காத ஆள் இல்லை. ஆபீஸில் கேட்டிருக்கிறார். கபாலி கோயில் பிரகாரத்தில் முன்னால் போனவரை நிறுத்திக் கேட்டிருக்கிறார். பல் டாக்டரிடம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாராம்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பது ப்ளஸ் ஒன் பாடத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் நடத்துகிறேன். அதே வீட்டில்தான் இருக்கிறேன். என்னை மட்டும் கேட்கவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

காருக்குக் கவர் வந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் ஷாமியானா தைக்கிற ஒருவரிடம் கொடுத்துத் தைத்தது, கனமான ரெக்சின். அவர் வீட்டுக்கே வந்து டேப் வைத்து அளவெடுத்தார். பின்பக்கம் கொஞ்சம் தளர விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், காற்று நுழையும், பிடித்தே தையுங்கள் என்றார் இவர். என் ரவிக்கைக்குக்கூட இவ்வளவு யோசனை நடந்ததில்லை.

ரெக்சின் பெயின்ட்டில் உரசக்கூடாதாம். அதனால் உள்ளே மெத்தென்று என் சுங்கடிப் புடவை இரண்டு. பழசுதானே என்கிறார். பழசுதான். கேட்டிருக்கலாம்.

ஈரக்காற்று உள்ளே போனால் வெளியே வர வழியில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளேயே போகப்போவதில்லை, அப்புறம் எங்கிருந்து வெளியே வரும் என்கிறார்.

ஏப்ரல் 4, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் மந்தைவெளி மெக்கானிக் ஷரீஃப் வந்தார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பழைய என்ஜின் ஆயிலை மூலைமுடுக்கெல்லாம் பீய்ச்சி அடித்தார். எண்ணெய் இருக்கிற இடத்தில் துரு வராது என்பது அவர் கட்சி. எண்ணெய் அங்கே இருந்தால்தானே? காலைக்குள் பாதி தரைக்கு வந்துவிட்டது.

குருத்தோலை ஞாயிறு. ராஜரத்தினம் வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டையில் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார். கேட்டுக்குள் கால் வைத்தவர் அப்படியே சறுக்கிக்கொண்டு மாடிப்படி வரைக்கும் வந்தார். விழவில்லை. கையிலிருந்த ஓலையையும் விடவில்லை. கப்பல் பழக்கம். ஆனால் பேன்ட் போச்சு.

இவர் மன்னிப்புக் கேட்டார். அவர் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டே, பெயின்ட் அடியுங்கள் என்றுதானே சொன்னேன் என்றார்.

ஏப்ரல் 18, ஞாயிறு

கதவுகளுக்கு அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதை இவர் கண்டுபிடித்துவிட்டார். உப்புக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறதாம். காலை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து எம்-சீல் பிசைந்து ஒவ்வொன்றாக அடைத்தார். ஜன்னல் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறத்தான் அந்த ஓட்டை என்றேன்.

"நீ பாடத்துல சொல்றது வேற ஜலஜா. இது வண்டி."

சரி. வண்டிக்குத் தனி ரசாயனம்.

ஏப்ரல் 22, வியாழன்

தண்ணீர் கஷ்டம் தாங்கவில்லை. லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடுகிறது. நானும் ஓடுகிறேன். வகுப்பில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கும் பெண், வரிசையில் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

இவர் தினம் காலையில் கவரைக் கழற்றி, போர் தண்ணீரில் வண்டியைக் குளிப்பாட்டி, துடைத்து, மறுபடி மூடிவிட்டுத்தான் ஆபீஸ் போகிறார். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அவ்வளவு உப்பு. காற்றில் வரும் உப்புக்குப் பயந்து, உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறார்!

இன்று அந்தத் தண்ணீரை லேபுக்கு எடுத்துப்போய் ஒரு டெஸ்ட் ட்யூபில் ஊற்றி, உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட் விட்டேன். உறைமோர் விழுந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரிந்துகொண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

லாரித் தண்ணீரில் காரை அலம்பினால் தெரு தன்னை அலம்பிவிடும் என்றார். அதுவும் வாஸ்தவம்தான். ஒரு பக்கெட் போதுமே என்று நான் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டார். நாளையிலிருந்து இன்னும் அழுத்தித் துடைப்பாராம்.

மே 12, புதன்

கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். பெசன்ட் நகரில் புதிதாகத் திறக்கிற கிளைக்கு என்னைத் தலைமையாசிரியையாகப் போகச் சொல்கிறார். என்னை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டால் அதிலேயே போய்வரலாம் என்றும் சொன்னேன்.

"பெசன்ட் நகரா? அங்க காத்து நேரா மூஞ்சில அடிக்குமே" என்றார்.

யார் மூஞ்சில? என் மூஞ்சிலயா, கார் மூஞ்சிலயா? இருபது வருஷமா சாக்பீஸ் தூள் முழுங்கி வாங்கின பேரு. நன்னாருக்குன்னு ஒரு வார்த்தை வரல இவர் வாயில. காத்தாம். அழக்கூடாதுன்னு சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன். எதுக்கு நறுக்கினேன்? இன்னிக்கு ஏகாதசி. அத வேற யாருக்குப் போடறது.

மே 13, வியாழன்

ஒப்புக்கொண்டுவிட்டேன். பஸ்ஸில் போகிறேன்.

ஜூன் 9, புதன்

இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. இரண்டாவது பஸ்ஸில் புடவைத் தலைப்பு யாருடைய டிபன் கேரியரிலோ மாட்டி, அவர் இறங்க வேண்டிய இடத்தில் நானும் இறங்க வேண்டியதாயிற்று. தலைமையாசிரியை முதல் வாரத்திலேயே பிரேயருக்குப் பிந்தினாள்.

காலையில் வாசலைத் தாண்டும்போது கார் என் புடவையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. சௌக்கியமாக இருக்கிறாயா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜூன் 27, ஞாயிறு

மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். கத்துக்கோ, கத்துக்கறது தப்பில்லை என்றார். ஓட்ட வண்டி தருவதாகச் சொல்லவில்லை.

சொல்லிக்கொடுப்பவர் பெயர் சர்தார். ஒல்லியான, பொறுமையான மனிதர். இன்று பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் வண்டியை நான் நெருங்கிய வேகத்தில் பொறுமை கொஞ்சம் ஆட்டம் கண்டது.

"மேடம், பிரேக்குன்னு ஒண்ணு கீது. அதையும் அப்பப்போ யூஸ் பண்ணுங்க" என்றார்.

வகுப்பில் நான் சிரிக்காமல் கிண்டல் செய்வது இப்படித்தான் இருக்கும்போல. பிள்ளைகள் பாவம்.

ஜூலை 4, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. சிரிப்பு ஒரு பக்கம், இவரைப் பார்த்தால் பாவம் ஒரு பக்கம்.

தி.நகரில் கல்யாணம். திருச்சியிலிருந்து இவர் அக்காவும் அத்திம்பேரும் வந்து எங்களோடு தங்கியிருக்கிறார்கள். வாசலில் கார் இருக்க ஆட்டோவில் போவானேன் என்று அத்திம்பேர் கேட்டுவிட்டார். இவருக்கு மறுக்க வழியில்லை. மாதக்கணக்கில் வாசலைத் தாண்டாத வண்டி. கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு பூஞ்சை வாடை. கவரைச் சுருட்டப் போனேன், உள்ளே இருந்த என் சுங்கடி தொட்ட இடத்தில் கையோடு வந்தது.

அத்திம்பேர் நல்ல கனத்த சரீரம். பின்சீட்டில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். நான் முன்னால். லஸ் முனையில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஸ்ரீரங்கா, வண்டிய நிறுத்து. என் கால் ரோடுல இருக்கு" என்றார் அத்திம்பேர், பதறாமல்.

இருந்தது. தரைத்தகடு பெயர்ந்து இடது கால் முழங்கால் வரைக்கும் வெளியே. வண்டி நிற்கிறவரை அந்த ஒரு காலால் கூடவே நடந்து வந்திருக்கிறார். நல்லவேளை, ஊர்கிற வேகம்தான். ஒரு சிராய்ப்பு, அவ்வளவே. செருப்பின் மேல் பஸ் ஏறிவிட்டது. கூட்டம் கூடி, ஒருவர் குனிந்து பார்த்து, காலை உள்ளேயிருந்து இழுக்க வேண்டுமா வெளியேயிருந்து தள்ள வேண்டுமா என்று கேட்டார்.

எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு இவர் வண்டியோடு அங்கேயே நின்றுகொண்டார். திரும்பிப் பார்த்தேன். பட்டு வேட்டியோடு, வெயிலில், கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பந்தியில் அத்திம்பேர் எல்லோரிடமும், காரில் நடந்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 5, திங்கள்

ஷரீஃப் வந்து கதவடி எம்-சீலைக் குத்தி எடுத்தார். காப்பித் தண்ணீர் நிறத்தில் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னா சார், கதவுக்குள்ள குளம் வெட்டி வெச்சிகீறீங்க?"

அப்புறம் அவரே கொஞ்சம் குரலை இறக்கி, தான் அடித்த ஆயிலும் நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ராஜரத்தினம் மாடியிலிருந்து பார்த்தார். பெயின்ட் என்ற வார்த்தையைச் சொல்லாமல் உள்ளே போனார். பெரிய மனசு.

ஜூலை 6, செவ்வாய்

அக்காவும் அத்திம்பேரும் கிளம்பிப் போனார்கள். காபி குடித்துக்கொண்டிருந்தபோது இவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், இனிமேல் என்ன செய்யணும், நீ சொல்லு என்று.

எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"தெருவுல போறவாள எல்லாம் நிறுத்திக் கேட்டேள். என்ன ஒரு வார்த்தை கேக்கலையே, ஏன்னா?"

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "உன்னக் கேட்டா நீ சரியாச் சொல்லிடுவ. அப்பறம் எனக்கு அதுல என்ன வேலை இருக்கு?"

சிரிக்காமல்தான் சொன்னார். அந்தக் கார் வாங்கவேண்டும் என்று இவர் எத்தனை வருஷமாகத் தெருவில் போகிற வண்டிகளை நின்று பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சொன்னேன். கவர் வேண்டாம், மேலே ஒரு கூரை போதும், ஈரம் காயவேண்டும். ஓட்டைகளைத் திறந்தே வைக்கவேண்டும். நல்ல தண்ணீர் ஒரு பக்கெட்டில் துணியை நனைத்து அடியில் துடைத்தால் போதும், குளிப்பாட்ட வேண்டாம். பெயின்ட் உரிந்த இடத்தை உடனே மூடவேண்டும், ராஜரத்தினம் சொன்னது அத்தனையும் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் மேல், வண்டி தினம் ஓடவேண்டும்.

தினம் யார் ஓட்டுவது, ஆபீஸில் நிறுத்த இடமில்லையே என்றார்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவருக்கே தெரியக் கொஞ்ச நேரம் கொடுத்தேன்.

ஜூலை 25, ஞாயிறு

ஷரீஃப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து முடித்தார். அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 16, திங்கள்

லைசென்ஸ் கிடைத்து, இன்றுதான் முதல்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இவர் கேட் வரைக்கும் வந்தார். ஜாக்கிரதை என்றார். எனக்கா வண்டிக்கா என்று நான் கேட்கவில்லை.

அடையாறு பாலத்தில் ஒருமுறை நின்றுபோயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர் சொன்ன வார்த்தைகளைத் தலைமையாசிரியை இங்கே எழுத முடியாது.

செப்டம்பர் 19, ஞாயிறு

கார்க் கதவோரம் பெயின்ட்டில் ஒரு கொப்புளம். இவர் பார்த்துவிட்டு, உப்புத்தாள் தேய்த்து ப்ரைமர் அடித்தார். மற்றபடி சாதாரண நாள். சேப்பங்கிழங்கு ரோஸ்ட்.

நவம்பர் 17, புதன்

காலையிலிருந்து விடாத மழை. மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டேன். பிள்ளைகள் எல்லோரும் போனபிறகு ஆபீஸ் ரூமில் போன் அடித்தது. இவர். தி.நகரில் பஸ் ஒன்றும் ஓடவில்லையாம். வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

கோட்டூர்புரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். இவர் ஆபீஸ் வாசலில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். கூட ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், இருவரும் மயிலாப்பூர். ஏறுங்கோ, எல்லாரையும் ஆத்துல விட்டுடுவா என்றார் இவர். நீளமான காலோடு ஒருவர் முன்னால் உட்கார, இவர் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார். எல்லோர் காலிலும் சேறு.

நந்தனம் தாண்டித் தண்ணீர் பாதிச் சக்கரத்துக்கு நின்றது. முதல் கியரிலேயே போனேன். முன்னால் இருந்தவர் தன் காலைத் தூக்கிக்கொண்டு, இவ்வளவு தண்ணீரில் போனால் வண்டி துருப்பிடிக்காதா சார் என்று பின்பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அவளக் கேளுங்கோ. அவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும்" என்றார் இவர்.

கண்ணாடியில் பார்த்தேன். இவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.