தம்பி பூசிய சுவர்

கண்டாவளை
3.7.1997

அன்புள்ள பிள்ளையின் அப்பாவுக்கு,

உங்கள் தம்பி ஏன் புளியங்குளம் போனார் என்று கேட்டிருந்தீர்கள். அவரின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபிறகுதான் எழுத முடிகிறது.

இங்கே சீமெந்து கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருப்பதால் களிமண் குழைத்துத்தான் அறையைப் பூசி, வெள்ளையும் அடித்துத் தந்தார். ஒரு கிழமையில் பூச்சுப் பெயர்ந்து பிள்ளையின் பாயில் விழுந்தது.

“மேசன் எண்டு சொல்ல வெக்கமில்லையோ?” என்று அயலவர் காதிலும் விழ நான் அவரை ஏசினேன்.

“கோவியாதேங்கோ மச்சாள். புளியங்குளத்தில தெரிஞ்ச ஆளிட்டைச் சீமெந்து கிடக்காம். வாங்கியந்து திருப்பிப் பூசித் தாறன்” என்றார்.

போகும் வழியில்தான் ஷெல் விழுந்தது.

“உன்ரை பிள்ளையெண்டால் என்ரை சின்ன மகனுக்கு உயிர்” என்று மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறா. நான் ஏசியது அவவுக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நீங்களே அவவுக்கு எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி